பூஜ்யம் போட்ட பட்டியல்

ஐயம்பேட்டைக் கலையரசிக்குக் கணக்கு வந்த அளவுக்குக் கும்பிடு போட வரவில்லை. அதனால் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினாறு வருஷமாக உதவிப் பேராசிரியையாகவே காலம் தள்ளினாள். ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து பாடம் நடத்துவாள். மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கு. பாலாற்று மணலுக்கடியில் தண்ணீர் நகர்வதை லட்சக்கணக்கான சமன்பாடுகளாக்கி, அவற்றைக் கம்ப்யூட்டர் சீக்கிரம் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

துறைத் தலைவர் உதயகுமார் புரோகிராம் எழுதி இருபது வருஷம் ஆகிறது. அதுவும் யாரோ எழுதிக்கொடுத்ததுதான். ஆனாலும் துறையிலிருந்து எந்தக் கட்டுரை போனாலும் முதல் பெயர் அவருடையது, கோயிலில் முதல் மரியாதை மாதிரி. கட்டுரை வெளிவந்தால்தான் பதவி உயர்வு என்பதால் கலையரசி பல்லைக் கடித்துக்கொண்டு முதல் இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

மனுஷன் பெயரைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளுடைய தண்ணீர்க் கட்டுரையின் கடைசிப் பட்டியலில் ஒவ்வொரு விடைக்கும் எதிரே, பிழை இவ்வளவு என்று மிகச் சின்னதாக ஓர் எண் இருந்தது. பிழை என்றாலே மானக்கேடு என்று நினைத்தவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி அனுப்பிவிட்டார். மருந்துக்கும் கணக்கு தெரியாதவனுக்கு வருகிற தைரியம் அது.

இரண்டே மாதத்தில் கட்டுரை திரும்பி வந்தது. எல்லா விடையிலும் பிழை பூஜ்யம் என்பது நடக்காத காரியம், எண்கள் இட்டுக்கட்டியவை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கல்லூரி விசாரணை வைத்தது.

"பட்டியல் போட்டது கலையரசிதான் சார். நான் நம்பிட்டேன்," என்றார் உதயகுமார், கூசாமல். பதவி உயர்வு கிடக்கட்டும், வேலையே போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது.

விசாரிக்கச் சென்னையிலிருந்து வந்தவர் ஒரு வயதான கணிதப் பேராசிரியர். "நீங்க என்ன சொல்றீங்கம்மா?" என்றார்.

"கம்ப்யூட்டர் போடுற கணக்குல பிழை இருக்கத்தான் செய்யும் சார். எவ்வளோ இருக்குதுன்னு சொல்றதுதான் என் வேலை. பதினாறு வருஷமா அதைத்தான் பண்ணிக்கினு இருக்கறேன். அதை நானே எதுக்கு சார் அழிக்கப்போறேன்?"

உதயகுமாருக்குப் பொறுக்கவில்லை. "அது எப்படி சார், தப்பைத் தப்புன்னு நாமளே எழுதி அனுப்புறது? பார்க்க நல்லாவா இருக்குது? அதான் திருத்தினேன்," என்றார்.

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். உதயகுமார் இன்னும் பாராட்டுக்குக் காத்திருப்பவர் போலவே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது கலையரசிக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்றிருந்தது.

கட்டுரை மறுபடி போனபோது எழுதியவர் இடத்தில் ஒரு பெயர்தான் இருந்தது.