அப்பாவின் கன்னட ஜெபம்

போன வாரம் மருத்துவமனையில், மகளை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகக் காத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் யாரோ நீலகிரித் தைலத்தைத் திறந்தார்கள். அந்த வாசனையில் எங்கள் பிரேசர் டவுன் வீடு வந்துவிட்டது.

1991, காவிரிக் கலவர நாட்கள்; கன்னடம் பேசும் அந்த ஊரில் தமிழர் வீடுகளுக்குக் கல் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல்களை அடைத்துவிட்டு மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். சளிக்குத் தைலம் தேய்த்த கையை அப்பா எங்கள் தலையில் வைத்ததும் கண் எரிந்தது. வழக்கம்போல் உரக்கத் தொடங்கினார்.

“மெதுவா பண்ணுங்க, தெருவுக்குத் தமிழ் கேக்குது,” என்றார் அம்மா.

“கர்த்தருக்குக் கேக்க வேணாமா?”

“அவருக்கு முணுமுணுத்தாலே கேக்கும். கல்லு எறியறவனுக்கும் காது இருக்கு.”

அப்பாவுக்கு முணுமுணுத்து ஜெபிக்க வராது. கன்னடத்துக்கு மாறினார். அவருக்குத் தெரிந்தது காய்கறிச் சந்தைக் கன்னடம்தான்.

“என்னப்பா, ஆண்டவர்கிட்ட பேரம் பேசறீங்க?” என்று அண்ணன் சிரித்தான்.

அப்பா சிரிக்கவில்லை. எங்கள் பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டால் கிடைக்கும் என்று நான் நம்பினேன்.

அந்த நம்பிக்கையிலேயே நாற்பதைத் தாண்டிவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஜெபிக்கச் சொல்லி அப்பாவுக்குத்தான் போன் செய்வேன். அவர் இறந்து ஒரு வருடமாகிறது. எங்களுக்கென்று அவர் வைத்துவிட்டுப் போனது, கர்த்தரிடம் அப்படிக் கேட்கும் உரிமை ஒன்றைத்தான்.

“அம்மா, நீயே ஜெபம் பண்ணும்மா,” என்றாள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த மகள்.

அவள் தலையில் கை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

“முடிஞ்சுதாம்மா?” என்று அவளை அழைத்துப் போக வந்த நர்ஸ் கேட்டார்.

“இப்பதான் ஆரம்பிக்கிறேன், சிஸ்டர். கொஞ்சம் இருங்க.”