சத்தம் குறைந்த டயர்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், கார் ஓட்டவும் தெரியாதவள், டயரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு டயர்களை வாங்க வைத்தது நான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அமெரிக்காவில், பேர்லேண்டில் இருக்கிறோம். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் வீட்டில் நானும் என் கணவரும்தான். மனதில் இருப்பதைச் சொல்ல எனக்குக் காரில்தான் வாய் வரும். முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம். ஆனால் ஒரு வருடமாக நான் சொல்வதில் பாதிக்கு அவரிடமிருந்து பதில் இல்லை. கேட்டால், "டயர் சத்தம்மா, ஃப்ரீவேல ஒண்ணும் காதுல விழல" என்பார்.

நான் நம்பவில்லை. கான்கிரீட் ஃப்ரீவேயில் டயர் இரைவது உண்மைதான். ஆனால் ஊருக்குப் போயிருந்தபோது என் அண்ணனின் பழைய காரை இவர்தான் ஓட்டினார். குண்டும் குழியுமான ரோடு, நாலு பக்கமும் ஹாரன். அப்போது நான் முணுமுணுத்ததற்குக்கூடப் பதில் வந்தது. பின்சீட்டில் என் அண்ணன் இருந்தார். அதனால் ஆள் இருந்தால்தான் எனக்கு மரியாதை என்று முடிவு செய்துகொண்டேன். அதன்பிறகு அவர் போனோடு தோட்டத்துப் பக்கம் நடந்தாலே, யாரோடு பேசுகிறார் என்று ஜன்னலோரம் நிற்க ஆரம்பித்தேன்.

டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னபோது, இருப்பதிலேயே சத்தம் குறைவானதாக வாங்கச் சொன்னேன். அந்தச் சாக்கும் போய்விட்டால் உண்மை தெரிந்துவிடும் அல்லவா. அவரும் மறுக்காமல் ஒரு வாரம் உட்கார்ந்து இன்டர்நெட்டில் மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். அவ்வளவு அக்கறை காட்டியதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் முதலில் உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டிய டயரைக் காட்டினார். பஞ்சரானால் ஒட்டுவது தொல்லை என்று என் கணவர் வேண்டாம் என்றார். அடுத்தது ஒரு சம்மர் டயர். குளிர் வந்தால் இன்னொரு செட்டை நம் தலையில் கட்டுவார்கள் என்று நான் அவர் சட்டையை இழுத்தேன். "இங்க எப்பவும் சம்மர்தானே. ஐஸ் விழற அன்னிக்கு வீட்ல இருந்துக்கலாம்" என்றார் என் கணவர். ரப்பர் கட்டங்களை ஒரே அளவில் வெட்டாமல் சிறிதும் பெரிதுமாக வெட்டியிருப்பதால் ஒரே சுருதியில் இரையாது என்றார் கடைக்காரர். நான் குனிந்து விரலை வைத்து அளந்து பார்த்தேன். பொய்யில்லை. அதையே மாட்டினோம்.

சனிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். கார் நிஜமாகவே அமைதியாக ஓடியது. பல மாதங்களாகச் சொல்ல நினைத்ததை அன்று சொன்னேன், பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று. பதில் இல்லை. இன்னொரு முறை சொன்னேன். அவர் லேன் மாறினார்.

திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் என் முகம் தெரியாதபடி அவருக்கு நேர் பின்னால், இடதுபக்கக் கதவோரம் ஒட்டி உட்கார்ந்தேன். "இந்த மனுஷன்கிட்ட பேசறதுக்கு அந்த டயர்கிட்டயே பேசலாம்" என்று வாய்க்குள் சொன்னேன்.

"டயர் என்னம்மா பண்ணுச்சு?" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் ஸ்டியரிங் வலதுபக்கம். நான் அவருக்கு இடதுபக்கம் உட்காருவேன். இங்கே எப்போதும் வலதுபக்கம். சிக்னலில் கார் நின்றதும் சாய்ந்து, அவருடைய வலது காதருகில் மெதுவாகக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இடது பக்கம் நகர்ந்து, பயமாக இருக்கிறது என்றேன்.

"இதையா ரெண்டு தடவை சொன்ன?" என்றார். நான் பேசியது அவருக்குத் தெரிந்திருக்கிறது, என்ன பேசினேன் என்பதுதான் தெரியவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு, இத்தனை நாளும் அது டயர் சத்தம் என்றே நினைத்ததாகச் சொன்னார். அதை நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காது டாக்டரின் கிளினிக் மூடியிருந்ததால், போனில் செய்தி விட்டுவிட்டு வைத்தோம்.