உதடு நனையலாம்

என் மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் பூட்டக்கா என்று பெயர். வைத்தவர்கள் பிரசவ வார்டு நர்சுகள். காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் "என்ன?" என்று திரும்புவார். மற்ற வார்டு ஆயாக்கள் கதவைப் பூட்டுவார்கள், அலமாரியைப் பூட்டுவார்கள். இவர் பூட்டியது வாயை. வலி எடுத்து உள்ளே வருகிறவள் யாராக இருந்தாலும், பிள்ளை பிறக்கும்வரை அவள் தொண்டையில் ஒரு சொட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் தன் உத்தியோகம் என்று நினைத்திருந்தார். தரை துடைப்பது, விரிப்பு மாற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவருடைய முறையே தனி. வார்டு வாசலில் நின்றுகொண்டு, "வாயைத் தொற, ஊது" என்பார். போலீஸ்காரர் வண்டியை மறித்துக் குடிகாரனை ஊதச் சொல்வாரே, அதேதான். வலியில் துடிக்கிறவள் பாவம், இதுவும் வைத்தியத்தில் ஒன்று போலிருக்கிறது என்று ஊதுவாள். மோந்து பார்த்துவிட்டு, "டீ", "பிஸ்கட்", "ஆரஞ்சுப் பழம், பொய் சொல்லாத" என்பார். தவறியதே கிடையாது. பிறகு பையைத் துழாவுவார். தலையணை உறைக்குள் ஒளித்த ரொட்டி, துவாலைக்குள் சுற்றிய பால் ஃபிளாஸ்க் எல்லாம் அவர் கையில் சிக்கும். பிடுங்கியதை ஜன்னலோரம் வரிசையாக வைப்பார். பிள்ளை பிறந்ததும் அவரே எடுத்துவந்து கொடுத்துவிடுவார். அதில் ஒரு வாய் தானும் குடித்தார் என்று அவருடைய எதிரிகூடச் சொல்ல முடியாது. எதிரி நான்தான், நானே சொல்கிறேன்.

ரொம்பக் கெஞ்சினால் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து உதட்டில் ஒற்றுவார். "உதடு நனையலாம், தொண்டை நனையக்கூடாது" என்பது அவருடைய சட்டம். அந்தப் பஞ்சைப் பற்களால் கவ்வி உறிஞ்சப் பார்க்கிற பெண்களும் உண்டு. அதற்குள் கையை இழுத்துக்கொள்வார்.

அவர் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மருமகள் சொல்கிற கதை இப்படித்தான் இருக்கும் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார்டில் இருந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய அக்கா ரகசியமாக ரொட்டியும் பாலும் ஊட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் துடிப்பு குறைந்துவிட, அவசரமாக மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டியதாயிற்று. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விட்டது. பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. ஆனால் விசாரணையில், "சாப்பாட்டை உள்ளே விட்டது யார்?" என்ற ஒரே கேள்விதான் வந்தது. எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டது. இவர் அப்போது பின்னால் வாளி கழுவிக்கொண்டிருந்தார். யார் கண்ணில் பட்டிருந்தாலும் தடுத்திருக்கலாம், ஆனால் துடைப்பம் பிடித்தவள் தலையில்தான் விடிந்தது. வேலையை விட்டு நிறுத்திவைத்து, பல மாதம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. இவர் அடுப்பையே அணைத்துவிட்டார்.

எனக்கு இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் சொல்லித் தெரிந்தது. கேட்டபோது மாமியார்மேல் இரக்கம்தான் வந்தது. வாக்கப்பட்டுப் போன வீட்டில் பிரசவம் பார்க்கத் தெரிந்த மாமியார் இருப்பது எவ்வளவு கொடுப்பினை என்று என் அம்மா வேறு பூரித்துப்போனாள். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாம்.

நான் ஒரு பேக்கரியில் பில் போடுகிறவள். மாசமாக இருந்தபோது முதல் ஐந்து மாதமும் வாந்தி. கேக் வாசனை பட்டால் வாந்தி, படாவிட்டாலும் வாந்தி. அத்தைக்கு அதுவே பெரிய கவலை. "இப்பவே இப்படின்னா, வலி வரும்போது என்ன பண்ணப்போறியோ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். நான் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் என் தொண்டையையே பார்ப்பார்.

அதே சமயத்தில்தான் அவருடைய வார்டில் பெரிய டாக்டரம்மா ஓய்வு பெற்று, வேறு ஒருவர் வந்தார். வந்ததும் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினாராம். சிக்கல் எதுவும் இல்லாத பெண்கள் வலியின்போது தண்ணீர் குடிக்கலாம், பசித்தால் லேசாக எதையாவது சாப்பிடலாம். வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தக்கூடாது. பிரசவ வலியே குமட்டும், வெறும் வயிற்றிலும் வாந்தி வரும், அதற்குப் பயந்து நாள் முழுக்க ஒருத்தியைக் காயப்போடக் கூடாது. அறுவை வரும்போல இருந்தால் நாங்கள் சொல்கிறோம், அப்போது நிறுத்தினால் போதும். அத்தை வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"குடிக்கட்டுமாம். இவங்க வாயில சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைக் கேப்பாங்க?"

"அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே அத்தை."

"அந்த டாக்டரும்தான் அன்னிக்குச் சொன்னாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு."

எந்த டாக்டர், என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது. இருந்தாலும் வார்டில் அவர் அடங்கிப்போனார். மற்ற பெண்களுக்கு நர்சு தண்ணீர் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

எனக்கு வலி எடுத்தது ஒரு காலைப்பொழுதில். அதற்குச் சற்று முன்னால்தான் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டிருந்தேன். வார்டு வாசலில் அத்தை நின்றிருந்தார். சொந்த மருமகள், வீட்டில் ஒரே அடுப்பில் சமைக்கிறவள், என்னையும் ஊதச் சொன்னார். ஊதினேன்.

"பன்னு தின்னியா?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாருங்கள், அப்போது சிரித்திருக்கிறேன்.

மதியத்துக்குள் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வலி வந்து போகிற இடைவெளியில் எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு வாய்த் தண்ணீர். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தம்ளரில் எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

"அத்தை, அவங்க குடிக்கிறாங்க."

"அவ வேற, நீ வேற. வாந்தி வரும்."

"ஒரே ஒரு வாய்."

"வாந்தி வரும்னு சொல்றேன்ல." பஞ்சை எடுத்து உதட்டில் ஒற்றினார். நானும் அதைக் கவ்வப் பார்த்தேன். நானும்தான்.

அவர் தண்ணீர் தராமலே வாந்தி வந்தது. பன் போய், டீ போய், கடைசியில் பச்சையாகப் பித்தம். கட்டில் விரிப்பெல்லாம் நாறியது. அத்தை அதைத் துடைத்தபோது முகத்தில் ஒரு நிம்மதி. "நல்லது, எல்லாம் வெளிய வந்துடுச்சு" என்றார். வெளியே வந்தது நான்தான் என்று சொல்ல வாய் எழவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. நர்சு கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அக்கா, மருமகளுக்குத் தண்ணி குடுக்குறீங்கல்ல?" என்று கேட்டாள்.

"குடுத்துக்கிட்டுதான் இருக்கேன் சிஸ்டர்" என்றார் அத்தை.

தடுமாற்றமே இல்லை, கண்கூட இமைக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். அதே நொடியில் அடுத்த வலி பிடித்துக்கொண்டது. அது விட்டபோது கதவு சாத்தியிருந்தது. நர்சுக்கு என்ன தெரியும், மாமியாரே கூட இருக்கிறார், எனக்கென்ன குறை என்று போயிருப்பாள். வேலியே பயிரை மேய்வதைப் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

சாயங்காலம் டாக்டர் வந்து என் நாக்கைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சாங்கன்னு சொன்னீங்களே?" என்று நர்சைக் கேட்டார். நர்சு அத்தையைப் பார்த்தாள். அத்தை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவசரமாகக் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். முக்கு முக்கு என்றார்கள். எதை வைத்து முக்குவது? உடம்பில் பாக்கியிருந்தது கோபம்தான். அதை வைத்துத்தான் என் மகளைப் பெற்றேன். கடைசியில் ஆயுதம் போட்டு இழுத்தார்கள்.

பிறந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கி, மூச்சுவிடாமல் குடித்து, அத்தனையையும் வாந்தி எடுத்தேன்.

"பாத்தியா?" என்றார் அத்தை. அதையும் அவர்தான் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபின் கணவரிடம் சொன்னேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவர் எந்தப் பக்க இடியும் படாமல் நழுவக் கற்றவர். "அம்மா எத்தனை பிரசவம் பாத்தவங்க. உன் நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பாங்க. குழந்தை நல்லா இருக்குல்ல?" என்றார். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. அதற்குமேல் இந்த உலகத்தில் எனக்குப் பேச வழியே இல்லாமல் போனது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். அப்படி நினைத்தால்தான் அவர் போட்ட சோற்றைத் தின்ன முடிந்தது.

என் மகள் ஓடித் திரியத் தொடங்கிய பிறகு, என் நாத்தனாருக்கு வலி எடுத்தது. அத்தையின் ஒரே மகள். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் ஒரு வேண்டுதலோடுதான் போனேன். அத்தை அவளுக்கும் தண்ணீர் தரக்கூடாது. நாத்தனார் நல்லவள், என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்தவள் இல்லை. இருந்தும் அவள் கெஞ்ச வேண்டும், அத்தை பஞ்சை ஒற்ற வேண்டும் என்று வேண்டினேன். தந்துவிட்டால் என் கதி என்ன?

வாசலில் அவர் மகளை ஊதச் சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

கட்டிலில் படுக்கவைத்ததும் தன் பையிலிருந்து நீல மூடி போட்ட ஃபிளாஸ்க்கை எடுத்தார். வீட்டிலேயே டீ போட்டு, சர்க்கரை கூடுதலாகக் கலந்து கொண்டுவந்திருக்கிறார். மூடியில் ஊற்றி, ஊதி ஆற்றி, கரண்டி கரண்டியாக ஊட்டினார்.

"இந்தா கண்ணு, இன்னும் ஒரு வாய். தெம்பு வேணும்ல?"

"குமட்டுதும்மா. வாந்தி வந்துடும் போல இருக்கு."

"வந்தா வரட்டும்டி. வயிறுன்னு இருந்தா வாந்தி வராதா? நான் இருக்கேன் தொடைக்க."

வந்தது. பாத்திரத்தை எடுக்க நேரமில்லை. அத்தை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். கைநிறைய மகளின் வாந்தியோடு, "போயிடுச்சா? சரி சரி" என்று சிரித்தார். முப்பது வருஷம் வாந்திக்குப் பயந்த மனுஷி. நான் நாத்தனாரின் கையை அழுத்திப் பிடித்திருந்தேன். "அண்ணி, வலிக்குது" என்று அவள் சொன்னபிறகுதான் தெரிந்தது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சிரிப்பதற்காகச் சொல்கிற பழமொழி என்றே நினைத்திருந்தேன். குடத்துக்குள் தண்ணீர் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மத்தியானமே சுகப்பிரசவம். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் தூங்கியபின் அத்தை வராந்தாவில் இருந்த குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"எனக்கு ஏன் அத்தை தரல?"

எதை என்று அவர் கேட்கவில்லை. குழாயை மூடினார். பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குச் சட்டம் சரியாகத் தெரியாது என்றோ, உன் உடம்பு வேறு, அவள் உடம்பு வேறு என்றோ ஒரு பொய். சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"உனக்கு ஒண்ணு ஆயிருந்தா என் மகன் என்னைக் கேப்பான். உங்க அம்மா கேப்பாங்க. பூட்டக்காவே மருமகளுக்கு ஊத்திக்குடுத்துக் கொன்னுட்டான்னு ஆஸ்பத்திரியே கேக்கும்" என்றார் கையைத் துடைத்தபடி. "இவ என் வயித்துல பொறந்தவ. இவளுக்கு என்ன ஆனாலும் என்னை நானேதான் கேட்டுக்கணும். வேற யாரு கேக்கப்போறா?"

கோபமாகச் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சியோடும் சொல்லவில்லை. இவ்வளவு தெளிவான விஷயம் உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதுபோலச் சொன்னார். நான் செத்துவிடக்கூடாது என்பதல்ல அன்றைய பயம். நான் செத்தால் யாருக்குப் பதில் சொல்வது என்பதுதான். என் தாகம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். முகம் எப்படி இருந்ததோ, அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்குப் பரிவு வந்துவிட்டது. அதுவும் நிஜமான பரிவுதான், அதுதான் கொடுமை. ஃபிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்து, மிச்சமிருந்ததை நீல மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"காலையிலேர்ந்து நீயும் பச்சைத் தண்ணி குடிக்காம நிக்கிறியேம்மா. இந்தா, குடி."

தொண்டை காய்ந்துதான் இருந்தது. டீயில் இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் அத்தை," என்றேன். "வாந்தி வரும்."