கெட்டி ஆயில்

என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிப்ஸ்டிக் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று உருவிப் பார்ப்பார்களே, அந்தக் கம்பிக்குத்தான் அந்தப் பெயர். ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டினார். காலையில் மற்ற டிரைவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவர் பானெட்டைத் திறந்து கம்பியை உருவுவார். முனையில் ஒட்டியிருக்கும் ஆயிலை இரண்டு விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். விரலில் கொழகொழவென்று நின்றால் நல்ல ஆயில், வழிந்து ஓடினால் செத்த ஆயில். இவ்வளவுதான் அவருடைய படிப்பு. பொய் சொல்லக் கூடாது, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு வேனின் இன்ஜினைக்கூடப் பிரிக்க விடவில்லை மனுஷன்.

எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மறந்துவிடுவார். வேன் சூடாகிறது என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நானும் இதையெல்லாம் சொல்லிக் காட்டாத நாளில்லை, அவரும் காதில் போட்டுக்கொண்ட நாளில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கை துறுதுறுத்தது. சொட்டாத குழாயை இறுக்கிச் சொட்ட வைத்தார். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டார். "கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று தொண்டை வறளக் கத்தினேன். அந்தச் சமயத்தில்தான் மகள் கார் வாங்கினாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். பகலில் ஒரு கிளினிக்கில் வேலை. மாலையில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் கைகால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பாள். அந்த வீடுகளை அதிகமாக்கிக்கொண்டு கிளினிக் வேலையை விட்டுவிட வேண்டும், யாருக்கும் கைகட்டி நிற்கக் கூடாது என்பது அவள் ஆசை. அதற்காகத்தான் அந்தக் கார். வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அப்பா, இனிமே இது உங்க பொறுப்பு. நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்றாள். அடடா, அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

முதல் சர்வீஸ் முடிந்து கார் வந்தது. மறுநாள் காலை கம்பியை உருவி விரலில் நசுக்கியவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏமாத்திட்டானுங்கடி. ஆயில்னு தண்ணியை ஊத்தி அனுப்பியிருக்கானுங்க."

"சந்தேகமா இருந்தா ஃபோன் போட்டுக் கேளுங்களேன்."

"எவனைக் கேக்குறது? கம்ப்யூட்டரை மாட்டிட்டு வண்டி பாக்குறவனுக்கு ஆயிலைப் பத்தி என்ன தெரியும்?"

மகள் ஏதோ பயிற்சிக்காக ரயிலில் வெளியூர் போயிருந்தாள். அந்த நாளைப் பார்த்து, காரை ஜாக்கியில் தூக்கி, புத்தம் புது ஆயிலை ஒரு பழைய வாளியில் வடித்துவிட்டு, வேனுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை ஊற்றினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அவ வண்டி, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏன் கை வைக்கிறீங்க?" என்று வாசலில் நின்றே கேட்டேன். "வந்ததும் நானே சொல்லிக்கிறேன், நீ உள்ள போ" என்றார். அவள் வந்த பிறகு ஞாபகமாகக் கேட்டேன். "சொல்லிட்டேன். சரிப்பான்னுட்டா" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

கொஞ்ச நாளில், காலையில் கார் கிளம்பும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. "புது வண்டி, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். முன்னைப் போல இழுக்கவில்லை என்றாள். "நீ ஆக்சிலேட்டரை மிதிக்கவே பயப்படுற" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். கடைசியில் ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது பின்னால் நீலப் புகை கக்கிக்கொண்டு கார் நின்றுவிட்டது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் அவளுக்காகக் காத்திருந்தார். அவர் வீட்டார் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

சர்வீஸ் சென்டருக்கு மூன்று பேரும் போனோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் கார் பானெட் திறந்து கிடந்தது. சூப்பர்வைசர் ஒரு பெண், கறாரான பேச்சு. "இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற டர்போ போயிடுச்சு மேடம். உள்ள இருக்கிறது எங்க ஆயில் இல்ல. வெளியில மாத்தியிருக்கீங்க, அதனால வாரண்டி கிடைக்காது" என்றார்.

என் மகள் கொதித்துப் போனாள். "யாரு மாத்துனது? உங்க ஆளுங்களைத் தவிர இந்த வண்டியில யாரும் கை வெச்சதில்ல. எங்கப்பாவே டிரைவர், அவரே கண்ணும் கருத்துமா பாத்துக்கிறார். தப்பான ஆயிலை நீங்க ஊத்திட்டு எங்க தலையில கட்டுறீங்களா? அன்னைக்கு சர்வீஸ் பண்ணின மெக்கானிக்கை வரச் சொல்லுங்க!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனுஷர் அவளிடம் சொல்லவே இல்லை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கும் வயது. "நான் சரியான ஆயில்தாங்க ஊத்துனேன்" என்றார். என் மகள் விடவில்லை. திருடன் என்கிற ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்து மூலம் புகார் கொடுப்பேன், வேலையில் இருக்க முடியாது என்றாள். அந்த ஆள் முகம் வெளுத்து நின்றார். என் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கையைக் கிள்ளினேன். "வாயைத் திறங்க" என்று காதோரம் சொன்னேன். விளம்பரத்தில் அடுத்த வரிக்குப் போனார்.

"நிறுத்துடி," என்றேன் மகளிடம். "உங்கப்பாதான் மாத்துனாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அப்போதாவது ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "தண்ணி மாதிரி ஆயிலை ஊத்துனா இன்ஜின் எப்படிம்மா தாங்கும்? நான் அதைக் காப்பாத்தத்தான்..." என்று இழுத்தார்.

சூப்பர்வைசர் ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி நீட்டினார். "எந்த ஆயில்னு இதுலயே எழுதியிருக்கு சார். நீங்க ஓட்டின பழைய வண்டியில பாகங்களுக்கு நடுவுல இடைவெளி பெருசு, கெட்டி ஆயில் நிக்கும். இதுல ஆயில் போற வழியெல்லாம் ரொம்பக் குறுகல். ஸ்டார்ட் பண்ணின உடனே டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரணும். மெல்லிசா இருந்தாத்தான் போகும்."

அதே மூடியைத் தன் கையால் திறந்துதான் இவர் ஊற்றினார். திறந்தாரே தவிரப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அந்த இரண்டு விரல்களைத்தான் நம்பியிருப்பார்.

அந்த மெக்கானிக்கிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டது என் மகள். இவர் இல்லை. வாரண்டி கைவிட்டுப் போனது. அவள் சேர்த்து வைத்ததை எல்லாம் டர்போ விழுங்கியது. விட்டுவிட நினைத்த கிளினிக்கிலேயே கூடுதல் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அவகிட்ட சொல்லிட்டேன்னு என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க? அந்த ஆள் வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எல்லார் முன்னாடியும் எப்படிடி சொல்றது? எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அதுவும் தெரியலைன்னு எப்படி சொல்றது?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மெக்கானிக்கின் வெளுத்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. "சொல்லித்தான் ஆகணும்" என்றேன். இன்றுவரை அவர் சொல்லவில்லை.

பழுது பார்த்த கார் கைக்கு வந்த அன்று, வாசலைக் கழுவி, ஜாக்கியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். மகள் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள்.

"வண்டி எங்கம்மா?"

"கிளினிக்லயே விட்டுட்டு வந்துட்டேன்ப்பா."

"ஏன், மறுபடியும் ஏதாவது சத்தமா? நான் வந்து ஒரு பார்வை பாக்கட்டா?"

"வேணாம்ப்பா. இனிமே அது அங்கேயேதான் நிக்கும். நான் பஸ்ல வந்துக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நோயாளிகளிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு பொறுமையாகச் சொன்னாள்.

"மழை வந்தா என்னம்மா பண்ணுவ?"

"நனைஞ்சுக்கிறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.