வண்டிக்கு ஒரு டாலி

வெளிநாடு போகிறவர்களின் பைக்கைத் திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்துக் கொடுப்பது என் தொழில். அதில் ஒரு விதி, யார் வந்து கேட்டாலும் அவர் வண்டி சுவரோரம் கடைசியில்தான் நிற்கும். வீட்டில் ஒற்றை ஸ்கூட்டரை வாஷிங் மெஷினுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் சொருகி, முழங்காலில் காயம் வாங்கும் உங்களுக்கு என் பாடு புரியும். இராமநாதபுரத்தில் இருக்கும் என் ஷெட்டில் பத்து வண்டி தாராளமாக நிற்கும். நான் பதினாறை நிறுத்தியிருந்தேன்.

பெயரில் வந்த குழப்பம்

துபாயில் வேலை பார்க்கும் ரியாஸ் ஒரு வீடியோ அனுப்பினார். இரும்புப் பலகை, அடியில் நாலு சின்னச் சக்கரம். மேலே பைக்கை ஏற்றி ஸ்டாண்ட் போட்டுவிட்டால் பக்கவாட்டிலும் தள்ளலாமாம். "இதுக்குப் பேரு டாலிண்ணே" என்றார். பைக் எப்படிக் குறுக்கே போகும் என்று எனக்கு ஒரே குடைச்சல். வெல்டரிடம் சொல்லி ஒன்று செய்து, ரியாஸின் வண்டியையே முதலில் ஏற்றினேன்.

ரியாஸ் கல்யாணமான மாதமே கிளம்பிப் போனவர். சந்து வீட்டு நடையில் நின்ற பைக்கை அவர் மனைவி நஸீமாவால் அசைக்க முடியவில்லை. அதனால்தான் அது என்னிடம் வந்தது. அவருக்கும் போன் செய்தேன். "உங்க வண்டிய டாலியில ஏத்தியாச்சும்மா." லைனில் ஒரே இரைச்சல். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்:

"எங்கள்ல கருகமணிதான்ண்ணே. அதுவும் எனக்குத்தான் கட்டுனாக, வண்டிக்கு எதுக்குத் தாலி?"

மாரியூர்க்காரர் பார்த்த பார்வை

ஒரு விரலால் தள்ளினாலே டாலி நகர்ந்தது. வேலை இல்லாவிட்டாலும் போய் ஒருமுறை தள்ளிப் பார்ப்பேன். கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக ஷெட் தரை வாசல் பக்கம் சரிவாக இருப்பதை மட்டும் மறந்துவிட்டேன். ஒரு மத்தியானம் சோற்றுக் கையோடு நிமிர்ந்தால், ரியாஸின் பைக் ஆளில்லாமல் ரோட்டை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தன் வண்டியை விட்டுப்போக வந்த மாரியூர் மீனவர் ஒருவர் பாய்ந்து பிடித்து நிறுத்தினார். சக்கரத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"கரையில ஏத்துன வள்ளத்துக்கே கயிறு கட்டுவோம். நீங்க நாலு சக்கரத்த மாட்டி சும்மா விட்டுட்டீகளே."

விலை பேச வந்தவர்

டாலிக்குக் கயிறு கட்டிய பிறகு நிம்மதியாக இருந்தேன். போன மாதம் ரியாஸ் கூப்பிட்டார். "கம்பெனியில இன்னும் மூணு வருசம் இருக்கச் சொல்றாக. வண்டிய வித்துருங்கண்ணே." குரலில் உயிரே இல்லை.

கமுதி மிளகாய் வியாபாரி ஒருவர் பார்க்க வந்தார். வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது. ஆர்.சி. புத்தகத்தோடு நஸீமாவும் வந்தார். டாலியை அப்போதுதான் நேரில் பார்க்கிறார். "தள்ளிப் பாக்கவாண்ணே?" என்று கேட்டு ஒரு கையை வைத்தார். வீட்டில் ஓர் அங்குலம் அசையாத வண்டி சத்தமில்லாமல் குறுக்கே வந்தது. மறுபடியும் தள்ளினார், வந்தது. பிறகு ஆர்.சி. புத்தகத்தைக் கைப்பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டார். கமுதிக்காரர் சாவியை மேஜையில் வைத்தார். நஸீமா என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பலகையோட எங்க வீட்டு நடையிலயே நிக்கட்டும்ண்ணே. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன். வண்டியையும் வித்துட்டா, வந்து எறங்குறவுக எதுல போவாக?"

ஒரே நாளில் ஒரு வாடிக்கையாளரையும் இருந்த ஒரே டாலியையும் இழந்துவிட்டு, இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போன ஷெட்காரன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.