தப்பாகப் போட்ட முடிச்சு

என் மகள் இரண்டாம் முறை நீட் எழுதியபோது மதிப்பெண் முதல் முறையைவிடக் குறைந்துதான் வந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன். எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறேன். தேற்ற நினைத்துப் பரோட்டா வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை.

மறுநாள் மச்சான் குடும்பத்தோடு வந்தார். "இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்பு மாப்ள. தெருவே இவள டாக்டரம்மான்னு கூப்புடுது."

"பன்னெண்டாவது மார்க்குக்கே பிசியோதெரபி கெடைக்கும் மாமா. அதுல சேர்றேன்," என்றாள் மகள்.

"கை கால் புடிச்சு வுடறதுக்கு நாலு வருஷப் படிப்பா? நானே புடிச்சு வுடுவேனே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. "படிக்கட்டும் மச்சான்," என்று மட்டும் சொன்னேன். ஆனால் ஆசைப்பட்டது கிடைக்காமல் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாளோ என்ற எண்ணம், அவள் படித்து ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த பிறகும் என்னை விடவில்லை. கேட்கவும் கூச்சம்.

சாயங்காலத்தில் அவள் குருசுக்குப்பத்தில் ஒரு மீனவருக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. அவள் வண்டி பழுதான ஒருநாள் நான் கொண்டுபோய் விட்டேன். வாசலிலேயே நின்றவனை அவர் மனைவி, "உள்ள வாங்கண்ணா, அங்க நின்னா நாய் கொரைக்கும்," என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்.

மகள் ரப்பர் பந்தை நீட்டினாள். "நான் என்ன கொழந்தையா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் வற்புறுத்தவில்லை. மூலையில் கிடந்த கிழிந்த வலையை எடுத்து ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மீதியை அவர் மடியில் பரப்பி, தானே பின்ன ஆரம்பித்தாள்.

"யாரு பாப்பா இப்படி முடிச்சு போடுவா? மீனு சிரிச்சிக்கினே வெளிய போயிடும்."

அடுத்ததையும் அப்படியேதான் போட்டாள். அவர் திட்டினார். அதற்கடுத்ததைப் பார்த்ததும் பொறுக்காமல் இடது கையால் பிரிக்கப் பார்த்தார். ஒற்றைக் கையில் முடிச்சு அவிழவில்லை. அப்போது வலது கை மடிமேல் மெல்ல நகர்ந்தது. விரல்கள் நடுங்கி விரிந்து, நூலைத் தேடிப் பிடித்தன. டீயோடு வந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

மகள் இன்னொரு முடிச்சைத் தப்பாகப் போட்டாள். வேண்டுமென்றேதான் போடுகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பும்போது அவள் வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாததால் கேட்க முடிந்தது. "டாக்டர் ஆவலியேன்னு வருத்தமாம்மா?"

"மொதல்ல இருந்துச்சுப்பா."

சிக்னல் தாண்டியதும், "நாளைக்கும் கொண்டாந்து வுடுறியா? கொஞ்சம் சீக்கிரமா போவணும். என் முடிச்செல்லாம் அவுக்க அவரு காத்துக்கினு இருப்பாரு," என்று சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன். எதுக்கு என்றார் சூப்பர்வைசர்.

"எம்பொண்ணுக்கு வேலை இருக்கு சார்," என்றேன். அது என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.