ஊது என்றாள், ஊதினேன்

ஒரு கிழவி பஸ் ஏறி டிக்கோயாவுக்குப் போய்வந்த கதை தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் வைத்தது தீய்ந்தாலும் பரவாயில்லை, காது மட்டும் இங்கே நீள வேண்டும்! சரி, கேட்டுத் தொலையுங்கள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன என் மகள் செல்வியிடமிருந்து மாதக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. பக்கத்து லயத்து வீட்டுப் பார்வதி, "அங்க போனதுக பாதி பொணமா பொட்டியிலதான் திரும்புதாம்" என்று என் காதில் விழும்படியே பேசுவாள். அப்போதுதான் குவைத்தில் செல்விக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்த மேரி டிக்கோயாவுக்குத் திரும்பிவிட்டாள் என்று தெரிந்தது. நல்ல சேதியென்றால் அவளே தேடி வந்திருப்பாளே? ஆனாலும் கிளம்பினேன்.

விடியும்போது உடப்புசல்லாவையில் ஏறினேன். ராகலை வரைக்கும் ஒரே பனி. நுவரெலியாவில் இறங்கி ஹட்டன் பஸ் பிடித்தால், லீக்ஸ் மரக்கறி மூட்டைக்கு இடம் இருந்தது, என் காலுக்கு இல்லை. தலவாக்கலையில் ஒருவன் வடையை நீட்டினான்.

"சூடா இருக்கு பாட்டி."

"எப்ப? நேத்தா?"

வாய்தான் கேலி பேசியது. வாங்கிய வடையைத் தின்னாமல் மடியில் முடிந்துகொண்டேன்.

ஹட்டனில் இன்னொரு பஸ் மாறி, உச்சி வெயிலில் மேரி வீட்டு வாசலில் நின்றேன். "வாங்கம்மா" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. உள்ளே போனவள் சின்னக் குப்பி ஒன்றைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னா புள்ள இது?"

"ஊது."

ஏன் எதற்கென்று கேட்கவில்லை. மூச்சை இழுத்து, கன்னம் உப்ப ஊதினேன்.

மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செல்வி சொன்னிச்சிம்மா! 'ஊதுன்னு மட்டும் சொல்லு, எங்கம்மா ஊதும் பாரு'ன்னு. அதுக்காகத்தான் சிரிக்காம இருந்தேன்!"

ஊது என்பது அரபு நாட்டு வாசனைக் கட்டையாம். அதையும் கோப்பியையும் சேர்த்துச் செய்த அத்தர் அது. செல்வி வேலை செய்யும் வீட்டுக்காரி போனைத் தொடவிடுவதில்லை. மேரிக்கோ வந்ததிலிருந்து காய்ச்சல். தீபாவளிக்கு என் மகள் வருகிறாளாம். இதையெல்லாம் பிறகுதான் சொன்னாள். எனக்கு முதலில் சொன்னதே போதும். பெற்றவளை இப்படிக் கேலி செய்ய உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். கழுதை உயிரோடு இருக்கிறாள், கொழுப்போடும் இருக்கிறாள்!

மேரி என் மணிக்கட்டிலும் காதோரத்திலும் அத்தரைத் தடவி, குப்பியையும் கையில் கொடுத்து அனுப்பினாள். முதலில் புதிதாக வறுத்த கோப்பி வாசம். கொட்டகலை தாண்டியதும் அது அடங்கி, சாம்பிராணி போல ஒன்று எழும்பியது. பஸ்ஸே மூக்கைத் தூக்கியது. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"எணை ஆச்சி, கோயிலால வாறியளோ, கோப்பிக் கடையால வாறியளோ?"

"ரெண்டும் இல்லீங்க மாஸ்டர். மகளப் பாத்துட்டு வாறேன்."

காலையில் வாங்கிய வடை மடியிலேயே இருந்தது. கல்லாகியிருந்தது. அவ்வளவு ருசியான வடையை நான் தின்றதே இல்லை.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே பீலிக்கரைக்குப் போனேன். பார்வதி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குப்பியைத் திறந்து நீட்டினேன்.

"என்னாக்கா இது?"

"ஊது."

நன்றாகவே ஊதினாள்.

"நீ சொன்னது பலிச்சிருச்சி பார்வதி. தீவாளிக்கு எம்மக பொட்டியோடதான் வாறா. ஒனக்கும் அதுல ஒரு சேல இருக்காம்" என்றேன்.